அடகுக் கம்பளி

முன்னொரு காலத்தில் பனி கொட்டுகிற மலைச்சீமை ஒன்றை வீரகேது என்ற ராஜா ஆண்டுவந்தான். அவன் அரண்மனைக்கு விறகு சுமந்த சடையன், தன் மனைவி பொம்மக்காளைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுவருக்கு மண் குழைத்துக்கொண்டிருந்தாள். "பணம் கைக்கு வந்ததும் நேரே போய்க் கம்பளியை மீட்டுட்டு வா" என்றாள்.

காட்டில் விறகு குறைந்துபோனதால் ராஜா முரசு அறைவித்திருந்தான். குளிர் புகாதபடி வீட்டுச் சுவரை இரட்டைச் சுவராக்கும் ஏழைகளுக்கு அந்தச் செலவை அரசாங்கமே கொடுக்கும் என்று. அதை நம்பித்தான் சடையன் வீட்டிலிருந்த ஒரே கம்பளியை அடகு வைத்துச் சுண்ணாம்பும் வைக்கோலும் வாங்கினான். அவன் தெருவில் இன்னும் பதினோரு வீட்டார் அப்படியே செய்தார்கள்.

சடையன் பணம் கேட்டுப் போனபோது கருவூல அதிகாரி அனந்தகீர்த்தி ராஜாவின் ஆணை ஓலையைப் பார்த்துவிட்டு, செலவை நிலவரியில்தான் கழிக்க முடியும் என்றான். சடையனுக்குக் கையகல நிலம் கிடையாது.

"வரியே கட்டாதவனுக்கு எதில் கழிப்பது? போடா."

அதே ஓலையைக் காட்டித் தன் நாற்பது அறை மாளிகைக்கு மூன்று வருஷ வரியைக் கழித்துக்கொண்டவன் அவன்.

சடையன் வெறுங்கையோடு திரும்பியபோது, பாதிச் சுவரின் அடியில் பொம்மக்காள் விறைத்துக் கிடந்தாள்.

எட்டாம் நாள் அவன் வேலைக்கு வந்தான். பனிக்காலத்தில் ராஜசபையில் ஒவ்வோர் ஆசனத்துக்கு முன்னும் ஒரு கணப்புச் சட்டி எரியும். அவற்றுக்கு விறகு போடுவது அவன் பொறுப்பு. அன்று அனந்தகீர்த்தியின் சட்டி கொழுந்துவிட்டு எரிந்தது. ராஜாவின் சட்டியில் வெறும் சாம்பல். சடையனோ மறுபடியும் அனந்தகீர்த்தியின் சட்டியிலேயே விறகை அடுக்கினான்.

பற்கள் கிடுகிடுக்க, இவனுக்குக் கண் அவிந்துபோயிற்றா என்று ராஜா கேட்டான்.

"எரிகிற சட்டிக்குத்தான் விறகு, மகாராஜா. உங்கள் சட்டியில் நெருப்பே இல்லையே, எதில் போடுவது?"

"நெருப்பு இல்லாததால்தானடா விறகு கேட்கிறேன், முட்டாளே."

"நானும் இல்லாததால்தான் கேட்டேன். இது என் சட்டமில்லை, உங்கள் கருவூலத்துச் சட்டம்."

அடக்கிவைத்ததையெல்லாம் சடையன் கொட்டினான். முரசு, நிலவரி, பொம்மக்காள், இன்னும் கம்பளியில்லாமல் நடுங்கும் பதினோரு வீடுகள். இந்தப் பயலைச் சவுக்கால் அடிக்க வேண்டும் என்று அனந்தகீர்த்தி குதித்தான்.

ராஜா அவனைத் திரும்பிப் பார்த்தான். "உமக்கு ஏன் இப்படி வேர்க்கிறது?"

"நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறேன், மகாராஜா."

"ஆமாம். ரொம்ப வருஷமாக."

அன்றே தீர்ப்பானது. அனந்தகீர்த்தி கழித்துக்கொண்ட வரியைப் பிடுங்கி, சுவர்ச் செலவை ஏழைகளின் கையிலேயே கொடுக்க வேண்டும். அந்தத் தெருவுக்கு மண் குழைப்பதும் அவன்தான். சடையனிடம் ராஜா பொற்கிழியை நீட்டினான். அதைக் கொண்டு எல்லார் கம்பளியையும் மீட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, சடையன் விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டான்.

தை பிறப்பதற்குள் தெருவில் எல்லாச் சுவர்களும் எழும்பிவிட்டன. சடையன் வீட்டில் இருப்பது ஒரே ஆள்.