நின்ற இடத்தில் யானை ஏன் ஆடுகிறது

யானை நின்றால் பாறை நின்றதுபோல நின்ற காலம் ஒன்று இருந்தது. ஈ மொய்த்தால் காது அசையும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் விலங்குகள் பேசினால் மனிதருக்கு விளங்கியது, மனிதர் பேசினால் விலங்குகளுக்கும் விளங்கியது. விளங்கிய பிறகு அதன்படி நடந்தார்களா என்பது வேறு கதை.

அநுராதபுரத்தில் அப்போது ஒரு பெரிய தூபிக்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரில் யாரும் உட்காரவில்லை. வண்டிகள் வந்தன, போயின. துறவிகள்கூட வேலை எவ்வளவு தூரம் என்று பார்க்க வந்து, பார்த்துவிட்டு, மறுபடியும் வந்தார்கள். ஆழமாகத் தோண்டிய குழியில் உடைத்த கல்லைப் பரப்பி, அதன்மேல் ஆற்று மணலைக் கொட்டி, அதற்குமேல் வெண்ணெய்போன்ற களிமண்ணைப் பூசி, யானைகளை வரிசையாக விட்டு மிதிக்க வைப்பது முறை. மிதிக்க மிதிக்கத்தான் தளம் இறுகும். கல் குத்தாமலிருக்க யானைகளின் கால்களுக்கு எருமைத்தோலில் உறை தைத்துக் கட்டியிருந்தார்கள்.

வரிசையின் முதல் யானை ஆம்பல். நல்ல உயரம், அதைவிட உயரமான மதிப்பு தன்மேல். அவளுடைய பாகன் குவிரன், முத்து வணிகரோடு கடல் தாண்டி வந்து, திரும்பிப்போக மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவன். தோலுறை கட்டிய முதல் நாள் மண் சுமக்கும் பெண்கள் ஆம்பலைச் சுற்றி நின்று, மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டதுபோல இருக்கிறாளே என்று சிரித்தார்கள். அது கேலி என்று அவளுக்குத் தோன்றவில்லை. உறையைக் கழற்றும் நேரத்திலும் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்பாள்.

களிமண் வர நாளாகியது. மணல் பரப்பிய குழி சும்மா கிடந்தது. அந்த இடைவெளியில்தான் குளத்து ஆமை கரையேறி வந்து, தென் ஓரத்து மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டது. குளக்கரை முழுவதையும் வண்டிமாடுகள் உழுதுபோட்டிருந்தன. இவ்வளவு மெத்தென்ற மணல் அதற்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

களிமண் வண்டிகள் வரத் தொடங்கியதும் ஆமை ஆம்பலைத் தேடி வந்தது. இருவருக்கும் பழைய பழக்கம். ஆம்பல் குளிக்க இறங்குமுன் கரையில் காலால் மெல்லத் தட்டுவாள். ஆமை அடியிலிருந்து ஓட்டால் தட்டும். அந்தத் தட்டு அவளுடைய உள்ளங்காலுக்குத்தான் கேட்கும். ஆமை எந்தப் பக்கம் என்று தெரிந்து மற்றப் பக்கமாக இறங்குவாள்.

"தங்கச்சி, தென் ஓரத்தில் என் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த இடத்தை மட்டும் மிதிக்காதே. சுளகு அளவு இடம்தான்" என்றது ஆமை.

பக்கத்தில் நின்ற குவிரன், முட்டைகளை எடுத்துக் கூடையில் வைத்துக் குளக்கரையில் புதைத்துத் தருவதாகச் சொன்னான். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. புரட்டிப் போட்டால் உள்ளே இருக்கும் உயிர் கலங்கிவிடும், கிடந்தபடியே கிடந்துதான் பொரிக்க வேண்டும் என்றது.

குவிரன் போய் வேலைத்தலைவன் நந்திகனிடம் கேட்டான். நந்திகன் கொடியவன் அல்ல. தூக்கம் இல்லாதவன். வானத்தைப் பார்ப்பான், குழியைப் பார்ப்பான், மறுபடி வானத்தைப் பார்ப்பான். மிதித்து இறுகுவதற்குள் களிமண்மேல் மழை விழுந்தால் தளம் இளகிப்போகும். அதன்மேல் எதைக் கட்டினாலும் ஒருநாள் சரியும்.

"உயிரைக் கொல்லாதே என்று சொன்னவருக்குத்தான் இதைக் கட்டுகிறோம். எனக்கும் தெரியும் தம்பி" என்றான் நந்திகன். "அந்த இடத்தில் களி போடாமல் கடைசிவரை விட்டுவைக்கிறேன். பிள்ளைகள் போனபிறகு நானே கையால் களி போட்டு இடித்து இறுக்கிக்கொள்வேன்."

குவிரன் அந்த இடத்தைச் சுற்றி ஈர்க்குகளை நட்டான். ஆமைக்கு அது போதவில்லை. ஆம்பலிடம் இன்னொன்றும் கேட்டது.

"தென் ஓரத்துக்கு வரும்போது அந்தக் காலுறையைக் கழற்றிவிடு. வெறுங்காலோடு வந்தால் அவர்கள் அசைவது உனக்குத் தெரியும். ஈர்க்கை நான் நம்பமாட்டேன். உன் காலைத்தான் நம்புவேன்."

கழற்றுகிறேன் அக்கா என்றாள் ஆம்பல். மனதாரத்தான் சொன்னாள்.

மிதிக்கத் தொடங்கிய அன்று காலையில் வானம் வெளுத்திருந்தது. மதியம் திரும்பியபோது வடகிழக்கில் கறுப்பு எழுந்தது. நந்திகன் ஓடினான். மண் சுமந்த பெண்கள் ஓடினார்கள். எங்கே கொட்டுவது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. ஈர்க்குகள் சாய்ந்தன, களி விழுந்தது, குழி முழுக்க ஒரே நிறமாகிவிட்டது.

ஆம்பல் தென் ஓரத்தை நெருங்கியபோது குவிரன் கீழே குதித்துத் தோலுறையின் முடிச்சில் கை வைத்தான். களிமண் ஈரத்தில் தோல்வார் இறுகிப்போயிருந்தது. பின்னால் வந்த யானைகள் முட்டிக்கொண்டு நின்றன. ஏன் நின்றீர்கள் என்று மேலிருந்து நந்திகன் கத்தினான். பின்னால் நின்ற கொம்பன் யானை, முன்னே நிற்கிறவளுக்கு அலங்காரம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்றது. மற்ற யானைகள் சிரித்தன.

குவிரன் பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தான். "கொஞ்சம் பொறு பிள்ளை, அவிழ்ந்துவிடும்."

ஆம்பலுக்குப் பொறுக்கவில்லை. முதல் துளி அவள் நெற்றியில் விழுந்தது. "விடு குவிரா. இடம் எனக்குத் தெரியும்" என்றாள். காலை எடுத்து வைத்தாள்.

இரண்டு எட்டுப் போனதும், இந்தப் பக்கமா, இன்னும் தள்ளியா என்று ஒரு சந்தேகம் வந்தது. காலிடம் கேட்டாள். காலுக்கு எருமைத்தோல்தான் தெரிந்தது. நிற்க முடியவில்லை, பின்னாலிருந்து தள்ளினார்கள். ஒதுங்கி நடப்பதாக நினைத்துக்கொண்டு நடந்தாள். அவள் தடத்திலேயே மற்ற யானைகளும் நடந்தன. பெருமழை வருவதற்குள் தளம் இறுகிவிட்டது. நந்திகன் குழிக்கரையில் நின்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். சந்தோஷத்தில்தான். தென் ஓரம் அப்புறம்தான் அவன் நினைவுக்கு வந்தது. மண்வெட்டியால் அங்கே ஒருமுறை கொத்திப் பார்த்தான். மண்வெட்டி துள்ளித் திரும்பியது.

முடிச்சு அவிழ்ந்ததும் ஆம்பல் ஓடிப்போய் வெறுங்காலைத் தென் ஓரத்தில் வைத்தாள். மழை தளம் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே வேறொரு தட்டு இருந்ததா, இல்லையா, பிரித்தறிய முடியவில்லை.

மழைக்குள் ஆமை வந்தது. எல்லாத் தண்ணீரும் குளத்துக்குப் போக, அது மட்டும் எதிரே ஏறி வந்தது.

"மிதித்தாயா?"

"தெரியாது அக்கா."

"அப்படியென்றால் மிதிக்கவில்லையா?"

"அதுவும் தெரியாது. ஒருவேளை முன்பே பொரித்துப் போயிருப்பார்களோ…"

ஆமை சொன்னது: "மிதித்தேன் என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். போய்விட்டார்கள் என்று சொல்லியிருந்தால் தேடிப் போயிருப்பேன். நான் இப்போது எங்கே போவேன், சொல்லு."

ஆம்பல் வெறுங்காலைத் தூக்கி, அதே இடத்தில் மறுபடி வைத்தாள்.

"சரி. நீ கேட்டுக்கொண்டிரு. எங்கேயாவது அடியில் தட்டினால் என்னைக் கூப்பிடு. நான் குளத்தில் இருப்பேன்." சொல்லிவிட்டு ஆமை திரும்பிப் போனது. சாபம் எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஆம்பல் அதைச் சுமந்துகொண்டு நிம்மதியாக நின்றிருப்பாள்.

தளத்தின்மேல் செங்கல் ஏறியது, சுதை ஏறியது, தூபி வெள்ளைவெளேரென்று எழுந்தது. கடல் கடந்தெல்லாம் மக்கள் வந்து பூ வைத்து வலம் வந்தார்கள். ஆம்பலைக் கொட்டடியில் கட்டினார்கள். அவள் ஒரு காலைத் தூக்கிப் பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றுவாள், தூக்கிய காலை மெல்ல வைத்துக் கேட்பாள். ஒன்றும் இராது. இந்தக் காலுக்குக் கேட்காதது அந்தக் காலுக்குக் கேட்குமோ என்று மறுபடி மாற்றுவாள். குவிரன் காலைப் பிடித்துப் பார்த்தான், முள் ஏதும் இல்லை. மருந்து அரைத்துப் பூசினான். அவள் மாற்றிக்கொண்டேயிருந்தாள்.

அடுத்த தறியில் கட்டியிருந்த கொம்பன் ஒருநாள் எரிச்சலோடு, என்ன ஓயாத ஆட்டம் என்று கேட்டது. ஆம்பல் சொன்னாள். கொம்பன் சிரிக்கவில்லை. அன்று அவளுக்குப் பின்னால் அதே இடத்தை மிதித்து வந்தது அதன் காலும்தானே. கொஞ்ச நேரம் கழித்து அதுவும் ஒரு காலை மெல்லத் தூக்கியது. அதற்கு அடுத்தது கேட்டது, அதற்கும் அடுத்தது கேட்டது. விடிவதற்குள் கொட்டடி முழுக்க யானைகள் கால் மாற்றிக்கொண்டிருந்தன. அங்கிருந்து ஊர் ஊராகப் போன யானைகள் அந்தக் கேள்வியையும் காலடியில் கொண்டுபோயின.

கோயில் வாசலிலோ பெரஹர ஊர்வலத்துக்குக் காத்திருக்கும் வீதியிலோ கட்டிய யானையைப் பார்த்தால், அது மேளத்துக்கு ஆடுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். மேளம் நின்ற பிறகும் அது ஆடும். இந்தக் காலா, அந்தக் காலா என்று தெரியாமல் ஆம்பல் தரையைக் கேட்கத் தொடங்கிய அன்றிலிருந்துதான், கட்டிய யானை எதுவும் நான்கு காலையும் ஒன்றாக ஊன்றி நிற்பதில்லை.