ஷட்டரில் மிச்சம் எத்தனை?

“யக்கா, நான் கேமரா விக்க வந்திருக்கேன், பொண்ணு குடுக்க வரல. காலைலேர்ந்து ஜாதகம் கேக்குத மாதிரி கேக்குதிய. வேணும்னா எடுங்க, இல்லன்னா ஆள விடுங்க!”

செல்வின் இதைச் சொல்லிவிட்டு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான். கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கிறவன். கையில் மூன்றாவது டீ.

“பொண்ணுன்னா கேள்வியே கேக்காமக் கூட்டிட்டுப் போயிருவேன். இது கேமரா,” என்றாள் இமெல்டா.

இமெல்டாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அவள் ‘மாஸ்டர்’ என்று கூப்பிடும் இசக்கிக்கு முப்பத்தொன்று. தூத்துக்குடியில், ஒரு மாடிப்படிக்கு அடியில், இசக்கி கேமரா பழுது பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேருக்குப் படமெடுக்கச் சொல்லித் தருகிறாள். இமெல்டா அதில் சேர்ந்து ஒன்றரை வருடம். எல்லாம் இரவல் கேமராவில்தான். சொந்தமாக ஒன்று வாங்கியபாடில்லை.

ஆறு கேமராவைப் பார்த்துத் தள்ளியிருந்தாள். ஒன்றில் ஷட்டர் ஒரு லட்சத்து எண்பதாயிரம் தடவை ஓடியிருந்தது, அது கிழடு. இன்னொன்றில் வெறும் எண்ணூறு. இத்தனை வருடம் பீரோவில் தூங்கியது பூஞ்சை பிடிக்காமலா இருக்கும்? வேறொன்றின் சொந்தக்காரர் நகம் வெட்டாதவர். அவர் கேமராவை எப்படி நம்புவது?

இதற்குள் போன வருடம் உப்பளத்துக்குப் பூநாரைகள் வந்தன, நின்றன, போயே போய்விட்டன. இமெல்டா அப்போது மூன்றாவது கேமராவின் கீறலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருடமும் வந்திருக்கின்றன. அளத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டு வருகிறது. இன்னும் இரண்டு நாள் நின்றால் பெரிது. இன்றும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் மறுபடி ஒரு வருடம் காத்துக் கிடக்க வேண்டும்.

இசக்கி செல்வினின் கேமராவைக் கையில் வாங்கினாள். லென்ஸைக் கழற்றினாள். படமெடுக்கும்போதெல்லாம் திறந்து மூடுகிற ஷட்டரின் மெல்லிய கறுப்புத் தகடுகளை டார்ச் அடித்துப் பார்த்தாள். எண்ணெய்க் கறை இல்லை. நெளிவு இல்லை. லென்ஸை மாட்டி ஒரு படம் எடுத்து அதைக் கம்ப்யூட்டரில் போட்டாள். ஷட்டர் இதுவரை ஓடிய எண்ணிக்கை வந்தது: 1,12,408.

பிறகு, இருப்பதிலேயே அதிக வேகத்தில் வைத்து வெள்ளைச் சுவரை மூன்று தடவை எடுத்தாள். தகடு ஏதாவது சோர்ந்திருந்தால் படத்தில் ஒரு பக்கம் இருட்டடித்திருக்கும். மூன்றும் ஒரே வெள்ளை.

“நல்லாருக்குக்கா.”

“ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ஓடியிருக்கே?”

“ஓடியிருக்கு.”

“கம்பெனிக்காரன் எவ்வளவு ஓடும்னு சொல்றான்?”

“ரெண்டு லட்சம். அதுக்கு முன்னாலயும் போகலாம், தாண்டியும் ஓடலாம்.”

“அப்படி ரெண்டு பக்கமும் பேசாதீங்க மாஸ்டர். ஒரே ஒரு பதில் சொல்லுங்க. இதுல மிச்சம் எத்தனை?”

இசக்கி கேமராவை எடுத்தாள். இமெல்டாவின் முகத்துக்கு நேரே வைத்தாள். பொத்தானை அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்கவேயில்லை.

சடசடவென்று தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் சத்தம்.

“ஐயோ! என்ன பண்றீங்க? தேயுது! தேயுது! நிறுத்தச் சொல்லு தம்பி!”

“யக்கா, அது இன்னும் எங்கேமரா,” என்றான் செல்வின். “அலற வேண்டியது நானு.”

இமெல்டாவுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. இசக்கி விரலை எடுத்தாள்.

“முப்பத்தேழு,” என்று திரையைக் காட்டினாள்.

முதலில், கையை நீட்டி வாயைப் பிளந்துகொண்டு ஒருத்தி. அடுத்து, செல்வின் பக்கம் கண்ணை உருட்டுகிறாள். கடைசிப் படத்தில் தலை பின்னால் சாய்ந்து, கண் இரண்டும் காணாமல் போய், கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறாள். இமெல்டா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மூன்று ஆல்பம் இருக்கிறது. எல்லாவற்றிலும், கான்வென்டில் படித்தபோது மதர் முன்னால் விறைத்து நின்ற அதே முகம்தான்.

“எதை வச்சுக்கலாம்?” என்றாள் இசக்கி.

“கடைசி.”

“மத்த முப்பத்தாறையும் அழிச்சிரட்டா?”

“கை வச்சுத்தான் பாருங்களேன்!” இமெல்டா கேமராவைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

செல்வின் டீ கிளாஸைக் கீழே வைத்தான். “இனி எனக்குத் திரும்பி வராது. வித்தாச்சு.”

மறுநாள் விடிந்தும் விடியாமலும் இருவரும் உப்பளத்துக்குப் போனார்கள். இசக்கி கேமரா கொண்டுவரவில்லை. ஒரு பிளாஸ்க்கும் இரண்டு டம்ளரும்தான்.

பூநாரைகள் நின்றன. பாத்திக்குப் பாத்தி, தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாதிரி. இமெல்டா வரப்பில் முழங்காலிட்டாள். கேமராவைத் தூக்கினாள், இறக்கினாள். மறுபடி தூக்கினாள். வெளிச்சம் ஏறிக்கொண்டே போனது.

“எத்தனை எடுத்தீங்க?” என்றாள் இசக்கி.

“நாலு.”

“ஒரு மணி நேரத்துல?”

“சும்மா அழுத்திக்கிட்டே இருக்க முடியுமா? மிச்சம் எண்பத்தேழாயிரத்து ஐந்நூத்து நாப்பத்தெட்டுதான். சுவத்தை எடுத்த மூணையும் சேத்துத்தான் கழிச்சிருக்கேன்.”

இசக்கி டீயை ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு பாத்திகளின் பக்கம் தாடையை நீட்டினாள்.

“அங்க மிச்சம் எத்தனைக்கா?”

இமெல்டா நிஜமாகவே எண்ணத் தொடங்கினாள். விரலை நீட்டி, இடது ஓரத்திலிருந்து. அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று. தூரத்தில் உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அத்தனை தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. ஒன்று தண்ணீரில் ஓடியது, பின்னால் பத்து ஓடின, பிறகு பாத்தி முழுக்க ஓட்டம், தெறிப்பு, இறக்கை. அதுவரை வெளுப்பாய் நின்றதெல்லாம் இறக்கை விரித்ததும் செக்கச்செவேல்.

எண்ணிக்கை எந்த இடத்தில் விட்டுப்போனதோ, இமெல்டாவுக்குத் தெரியாது. கேமரா கண்ணுக்கு வந்திருந்தது. விரல் அழுந்தியிருந்தது. “அடியே! அடியே!” என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டு, செருப்பு ஒன்று சேற்றில் மாட்டியதுகூடத் தெரியாமல், வரப்போடு வரப்பாக ஓடிக்கொண்டே எடுத்தாள். பறவைகள் தலைக்கு மேல் ஒரு சுற்று வந்தன. ஷட்டர் ஓயவில்லை.

இசக்கி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். அண்ணாந்து பார்த்தபடி கையை நீட்டினாள்.

“யக்கா, எங்கிட்டயும் ஒரு தடவ குடுங்களேன்.”