குறட்டைக் குகை பார்க்கப் போன கழுதை

கரடியின் குகைச் சுவரில் கிறுக்கியது நீதான். மறைக்காதே. 'நான் இங்கே வந்தேன்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். அந்த 'நான்' யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தாயிற்று. எல்லாரும் "நான் இல்லை" என்கிறார்கள். கொம்பால் கீறியிருப்பதால் நீ கோழி இல்லை என்பது மட்டும் நிச்சயம். பிள்ளைகளே, நீங்களே கேட்டு நியாயம் சொல்லுங்கள்.

ஒரு காட்டில், ஓடைக்கு அந்தப் பக்கம், கரடி ஒன்று குடியிருந்தது. ராத்திரி முழுக்கக் கரையான் புற்றுகளைத் தோண்டித் தின்னும். பகல் முழுக்கக் குகையில் தூங்கும். தூங்கினால் குறட்டை. சாதாரணக் குறட்டை இல்லை. குகைக்கு மேலே நிற்கிற நாவல் மரத்திலிருந்து பழம் உதிரும்.

அந்தப் பழத்தைப் பொறுக்க வந்தது ஒரு கீரி. எதைப் பார்த்தாலும் அதன் கண்ணில் ஆதாயம்தான் படும். நேராக ஊருக்குள் ஓடியது.

"குறட்டைக் குகை, அதிசயக் குகை, உலகத்திலேயே இது ஒன்றுதான்" என்று தெருத்தெருவாகக் கூவியது. "கோழிகள் மட்டும் வரும்போது ஆளுக்கு ஒரு முட்டை கொண்டுவரவும்."

மறுநாள் காலையில் ஊரே கிளம்பிவிட்டது. ஆடுகள் வந்தன. எருமைகள் வந்தன. கோழி தன் குஞ்சுகளுக்குப் புளிசாதப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் முன்னால் கழுதை வந்தது. எங்கே போனாலும் தான்தான் முதலில் நிற்க வேண்டும் அதற்கு.

குகைக்குள் நுழைந்ததும், எதிரொலி வருகிறதா என்று பார்க்கக் கழுதை ஒருமுறை கத்தியது. வந்தது. அதுவும் கழுதைக் குரலிலேயே வந்தது. கழுதைக்குப் பிடித்துப்போய்விட்டது. திரும்பவும் கத்தியது.

கரடி எழுந்து உட்கார்ந்தது.

"அம்மா, குறட்டை விடும் என்றீர்களே, சும்மா உட்கார்ந்திருக்கிறதே" என்றது ஒரு குஞ்சு.

"இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறோம்" என்றது கழுதை. "கொஞ்சம் தூங்கிக் காட்டினால் குறைந்தா போய்விடுவீர்?"

"நீங்கள் போனால் தூங்குவேன்" என்றது கரடி.

"நாங்கள் போய்விட்டால் யார் பார்ப்பது?"

கீரி ஓடிவந்து கரடியின் காதில் கிசுகிசுத்தது. "அண்ணே, தொழிலைக் கெடுத்துவிடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு 'கொர்' என்று சொல்லுங்கள், போதும்."

கரடி "கொர்" என்றது.

"இது வாயால் வருகிறது" என்றது கழுதை. "யாரை ஏமாற்றப் பார்க்கிறீர்? மூக்கால் விடும்."

தினமும் இதே கூத்து. பகல் தூக்கம் போனது. ராத்திரி புற்றைத் தோண்டப் போன கரடி, மூக்கைப் புற்றுக்குள் விட்டபடியே தூங்கிவிட்டது. கரையான்கள் அதை யாரோ வெட்டிக்கொடுத்த புதுவழி என்று நினைத்து உள்ளே குடியேறப் பார்த்தன. மூக்குக்குள் போனது நிறைய, வயிற்றுக்குள் போனது ஒன்றுமில்லை. கரடி இளைத்துத் துரும்பாகிவிட்டது.

"தம்பி, தூங்காமலே செத்துப்போவேன் போலிருக்கிறது" என்றது கீரியிடம்.

"கொஞ்சம் பொறுங்கள் அண்ணே, சீசன் முடியட்டும்."

"சீசன் எப்போது முடியும்?"

"கூட்டம் வராதபோது."

கரடி யோசித்தது. ஊரே இங்கே வந்து நிற்கிறதே, அப்படியானால் ஊரில் யார் இருப்பார்கள்?

மறுநாள் கூட்டம் குகைக்குள் நுழையும் வரை புதரில் பதுங்கியிருந்தது. பிறகு ஊரைப் பார்த்து நடந்தது. கழுதையின் கொட்டகை திறந்து கிடந்தது. வைக்கோல் மெத்தென்று இருந்தது. படுத்தது. அவ்வளவுதான், கூரை ஓலைகள் எழும்பி எழும்பி உட்கார்ந்தன.

"கரடியார் பல் துலக்கப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார்" என்று கூட்டத்தை உட்காரவைத்துவிட்டு, கீரி தேடிப் புறப்பட்டது. குறட்டையைக் கேட்டது. கொட்டகையை எட்டிப் பார்த்தது. கொஞ்சமும் கூச்சப்படவில்லை. காட்டின் மறுகோடிக்கு ஓடி, "குறட்டைக் கொட்டகை, புதிதாகத் திறந்திருக்கிறோம்" என்று கூவியது.

சாயங்காலம் வரை பல் துலக்கலுக்குக் காத்திருந்து ஏமாந்த கழுதை, அலுத்துப்போய் வீடு திரும்பியது. கொட்டகை வாசலில் நீளமான வரிசை. உள்ளே நுழையப் போன கழுதையை முள்ளம்பன்றி மறித்தது.

"பின்னால் போய் நில்."

"இது என் வீடு."

"எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். கைக்குழந்தையோடு நானே நிற்கிறேன், கண் தெரியவில்லையா?"

கழுதையின் தண்ணீர்த் தொட்டியில் ஒரு குரங்குக் குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. "அப்பா, ஊர்க் கழுதை என்றால் இதுதானா? ஏறிப் பார்க்கலாமா?" என்று கேட்டது ஒரு குட்டி.

"ஏறு, ஏறு. அதற்குத்தானே வந்திருக்கிறோம்."

முதுகில் குரங்குக் குட்டிகளோடு கழுதை வரிசையில் நின்று உள்ளே போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கரடி அப்போதுதான் கண் விழித்தது.

"கரடியாரே, இது நான் படுக்கிற இடம். எழுந்திரும்."

"குகைகூட நான் படுக்கிற இடம்தான்."

கழுதை குரலைத் தணித்தது. "சரி. இனிமேல் நாளைக்கு ஒரு தடவைதான் கத்துவேன்."

"கத்தவே கூடாது."

"வாசலுக்கு வெளியே நின்று, மெதுவாக?"

கரடி மறுபடியும் படுத்துக்கொண்டது.

"சரி, சரி. ஓடையைத் தாண்டவே மாட்டேன். மற்றவர்களையும் தாண்டவிட மாட்டேன்."

"கீரி?"

"கீரியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பின்னங்காலால் பார்த்துக்கொண்டது. கீரி இரண்டு தெரு தள்ளிப் போய் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தே "பறக்கும் கீரி, பார்க்க வாருங்கள்" என்று கூவியது. யாரும் போகவில்லை.

கரடி குகைக்குத் திரும்பியது. கூட்டம் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றது. குறட்டை அங்கேயே நன்றாகக் கேட்டது.

பாக்கி இருப்பது அந்தக் கிறுக்கல் ஒன்றுதான். தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதெல்லாம் கரடியின் கண்ணில் அது படுகிறது. 'நான் இங்கே வந்தேன்.' யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் பதறி எழுகிறது.

நீதி: நீ வேடிக்கை பார்க்கப் போகிற இடம் இன்னொருவர் படுத்துத் தூங்குகிற இடம், ஆகவே கொம்புக்காரனே, செம்மண்ணைக் குழைத்து எடுத்துக்கொண்டு, கரடி வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, சத்தம் போடாமல் வந்து அதைப் பூசி மூடிவிட்டுப் போ.