ஆவுடையப்பனின் உச்சந்தலை

“மூணு வருசமாப் பாக்கேன் அம்மா. எதுன்னு இன்னும் முடிவு வரலை” என்றான் ஆவுடையப்பன்.

“எதுக்கு?”

“தலைக்கு. மாத்திரையா, குப்பியா?”

அம்மா அவன் தலையைப் பார்த்தாள்.

தாமிரபரணிக் கரையில் இருந்தது அந்த ஆசிரமம். காலையில் அங்கே தோல் வைத்தியம், மாலையில் மௌனம். இரண்டையும் நடத்துகிறவள் ஒருத்திதான். படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். பிறகு காவி கட்டிக்கொண்டாள். தலையை மழுமழுவென்று வழித்திருப்பாள். ஆவுடையப்பனைவிட நாலைந்து வயது இளையவள். ஆனாலும் அவன் அவளை அம்மா என்பான். அவள் அவனை அண்ணாச்சி என்பாள்.

அடுத்த ஆளாக நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதுகில் படை. நான் சொறிந்த சத்தத்துக்கு எதிர்மரத்து அணில்கள் அக்கரைக்குக் குடிபோய்விட்டன. அது வேறு கதை.

ஆவுடையப்பன் அம்பாசமுத்திரத்து ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவன். வந்தவர்கள் ஒரு சேலையைக் கையில் எடுத்துவிட்டால் அவனுக்குப் பொறுக்காது. அதைவிட நல்லதாக இன்னொன்றை விரித்துவிடுவான். அவனிடம் வந்த கல்யாணப் பெண் ஒருத்தி முகூர்த்தம் முடிந்த பிறகுதான் கூறைச்சேலை எடுத்தாள் என்று ஊரில் பேச்சு. பேசுகிறவன் நான்தான்.

“மூணு வருசம் பொறுத்தீங்க. இன்னைக்கு என்ன அவசரம்?” என்றாள் அம்மா.

“கல்லிடைக்குறிச்சியில ஒரு இடம். மரகதவல்லின்னு பேரு. தபாலாபீஸ்ல வேலை. போட்டோ அனுப்புங்கன்னு கேட்டு ரொம்ப நாளாச்சு. நேத்து அவங்களே போன் பண்ணிட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா வேற இடம் பாத்துக்கிடுதேன்னாங்க.”

“குரல் எப்படி?”

“அதட்டல்தான்.” கொஞ்சம் யோசித்தான். “நல்லாருந்துது.”

“அனுப்ப வேண்டியதுதானே?”

“முடி வந்த பெறகு அனுப்பலாம்னு இருந்தேன்.”

“எந்த மருந்தும் பலன் காட்ட ஆறு மாசமாவது ஆகும் அண்ணாச்சி.”

“அதான் எதுன்னு இன்னைக்கே தெரியணும். தெரிஞ்சுட்டா, ஆறு மாசம் பொறுத்துக்கிடுங்கன்னு கேட்டுப் பாப்பேன்.”

“சரி. விரிங்க, பாப்போம்.”

கையில் ஒன்றும் இல்லாமலே, சேலை விரிக்கிற மாதிரி விரித்தான்.

“இது குப்பி. மினாக்சிடில். மேலுக்குத் தடவுறது. உள்ள அவ்வளவா இறங்காது. ஆனா காலையிலயும் ராத்திரியும் தடவணும். தடவ ஆரம்பிச்சதும் முதல்ல கொஞ்சம் கூடவே கொட்டுமாம். அடுத்தது பினாஸ்டிரைடு, மாத்திரை. நாளுக்கு ஒண்ணு போட்டா வேலை முடிஞ்சுது. உடல் அருமையா இருக்கு. பார்டர்தான் பயமா இருக்கு.”

“பார்டர்னா?”

ஆவுடையப்பன் என் பக்கம் திரும்பினான். நான் சுவரில் பல்லியைத் தேடினேன்.

“கல்யாணம் ஆகப்போறவன்...” என்று இழுத்தான்.

“நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு ஆசை மட்டுப்படும். நிறுத்தினா பெரும்பாலும் திரும்பிரும். எல்லாருக்கும் திரும்பும்னு சத்தியம் பண்ண மாட்டேன். மனசு சோர்ந்தாலும் ஓடி வந்து சொல்லணும். கட்டிக்கப்போறவங்களுக்கும் விசயம் தெரிஞ்சிருக்கணும். பிள்ளை உண்டாயிருக்கும்போது உடைஞ்ச மாத்திரையை அவங்க தொடக் கூடாது.”

“டூட்டாஸ்டிரைடு?”

“அதுக்கு அண்ணன். பலசாலி. உள்ள வந்துட்டா லேசுல வெளியே போகாது.”

“மினாக்சிடிலையே மாத்திரையா விழுங்குதாங்களாமே?”

“தலையில முளைக்கும். கன்னத்துலயும் கையிலயும் முளைக்கும். கால் வீங்கலாம். ரத்த அழுத்தம் பாத்துத்தான் கொடுக்கணும்.”

“அப்போ இதுல எதுதான் நல்லது?”

அம்மா எழுந்தாள்.

மேஜைமேல் ஒரு பூனை படுத்திருந்தது. அதற்கு மோட்சம் என்று பெயர். அதை இரண்டு கையாலும் தூக்கி வெளியே விட்டாள். கதவைச் சாத்தினாள். அதன் பிறகே அலமாரியைத் திறந்து குப்பியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“இதுக்கு எதுக்கும்மா பூனையை விரட்டுனீங்க?”

“பூனைக்கு இது எமன். தடவின தலையை நக்கினாப் போச்சு. தலையணையில கிடந்து புரண்டாலும் போச்சு.”

“நம்மகிட்டப் பூனை கிடையாது. அது நம்ம கணக்குலயே வராது.”

“சரி.”

குப்பியை உள்ளே வைத்துப் பூட்டினாள். கை கழுவினாள். கதவைத் திறந்தாள். சொந்த வீட்டிலேயே வெளியே நிறுத்தப்பட்ட கோபத்தோடு மோட்சம் உள்ளே வந்தது.

ஆவுடையப்பன் அம்மாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்களுக்கு நல்ல முடின்னு சொல்லுவாங்க.”

“இடுப்புக்குக் கீழ வரும்.”

“எதுக்கு வழிச்சீங்க? பற்று போகவா?”

“பேன்.”

அவன் தன் உச்சியைச் சொறிந்துகொண்டான்.

“உங்களுக்கு முன்னால ஒருத்தர் வந்தாரு” என்றாள் அம்மா. “உங்களை மாதிரியேதான், ஒப்பிட்டுப் பாக்காம இருக்க முடியாது. இடது பக்கம் மட்டும் குப்பியைத் தடவினாரு. மாத்திரையைப் போட்டுட்டு வலது பக்கமாவே ஒருக்களிச்சுப் படுத்தாரு, மருந்து அந்தப் பக்கமே இறங்கட்டும்னு.”

ஆவுடையப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். “எந்தப் பக்கம் வளந்துது?”

“ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான்.”

“எதனால?”

“அது தெரியலையேன்னு கோவிச்சுக்கிட்டு ரெண்டையும் நிறுத்திட்டாரு.”

“பெறகு?”

“ரெண்டு பக்கமும் ஒண்ணாவே போச்சு.”

நான் சிரித்துவிட்டேன். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

“நீங்க நம்ம தலையை வச்சுச் சொல்லுங்கம்மா. போன வருசம் இருந்ததுக்கு இப்ப எப்படி இருக்கு?”

“போன வருசம் நான் பாக்கலையே.”

“நான் பாத்தேன்.” போனை எடுத்தான். “தெனமும் காலையில எழுந்ததும் ஒண்ணு எடுத்துருவேன். எல்லாம் இதுல இருக்கு.”

அம்மா வாங்கித் தள்ளிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். உச்சந்தலை. மறுபடி உச்சந்தலை. ஆகாய விமானத்திலிருந்து எடுத்த பொதிகை மலை மாதிரி, ஒவ்வொரு படத்திலும் காடு கொஞ்சம் பின்வாங்கியிருந்தது.

“இது யாரு?” என்றாள் அம்மா.

“நான்தான்.”

“இது?”

“அதுவும் நான்தான்.”

“மூக்கு எங்க?”

ஆவுடையப்பன் போனை வாங்கினான். தேடினான். தள்ளத் தள்ள உச்சந்தலையாகவே வந்தது. மூன்று வருசத்தையும் தாண்டிப் போனான். கடைசியில் ஒன்று அகப்பட்டது. தீபாவளி நெரிசலில் கடை ஆட்களோடு நிற்கிற படம். அதிலும் அவன் முகத்துக்குக் குறுக்கே ஒரு சேலை விரிந்திருந்தது.

“இதைத்தான் அனுப்பணும்போல” என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

“அவங்க என்ன கேட்டாங்க?”

“போட்டோ.”

“எதோட போட்டோ?”

ஆவுடையப்பன் போனில் இருந்த சேலையைப் பார்த்தான்.

அப்போதுதான் மோட்சம் மேஜையிலிருந்து அவன் மடியில் குதித்தது. அவன் போலீஸைக் கண்டவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டான். போன் மேஜையில் விழுந்தது. பூனை அவனைச் சட்டை செய்யவில்லை. வேட்டியை மிதித்து மிதித்துப் பதம் பார்த்தது. பிறகு சட்டைப் பொத்தானைக் கவ்வி இழுத்தது.

“ஏய், ஏய், அது கடைச் சட்டை. இதைவிட நல்லதா ஒண்ணு வீட்ல இருக்கு, அதைத் தாறேன்!” என்று அவன் பூனையிடம் மன்றாடினான். அப்படியே சிரித்துவிட்டான். பல்லெல்லாம் தெரிய, கண் இடுங்க, இரண்டு கையும் மேலே இருக்க.

டிக்.

போன் அம்மா கையில் இருந்தது. அவள் அதை அவனிடம் நீட்டினாள்.

“ஐயோ! உச்சியில டியூப்லைட்டே தெரியுதே அம்மா!”

அம்மா மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்தாள்.

வெளியே ஆற்றில் யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் படத்தைப் பெரிதாக்கினான். சிறிதாக்கினான். உச்சிக்கு மேலே கட்டைவிரலை வைத்து மறைத்துப் பார்த்தான். பிறகு விரலை எடுத்துவிட்டுப் பார்த்தான். அப்படியே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் மரகதவல்லிக்குப் போய்விட்டது.

பூனையின் கால்தான் பட்டது என்று அவன் இன்றைக்கும் சாதிப்பான். நான் எவ்வளவோ கதை விடுகிறவன்; ஆனால் இதில் விட மாட்டேன். பட்டது அவன் விரல்தான்.

“போச்சு” என்றான்.

மோட்சம் குறுகுறுவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவன் கை தன்னை அறியாமல் அதன் முதுகைத் தடவியது. நான் சொறிவதைக்கூட மறந்துவிட்டேன்.

போன் அதிர்ந்தது.

“நீங்க படிங்கம்மா.”

“எனக்கா வந்துது?”

அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தான். பிறகு இரண்டு கண்ணாலும் படித்தான். பிறகு வாய்விட்டுப் படித்தான்.

“‘பூனை உங்களுதா? என்கிட்ட ரெண்டு இருக்கு. ரெண்டும் என் தலைமாட்டுலதான் தூங்கும். நான் வந்தா அதுகளும் வரும். சம்மதம்னா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க.’”

திருப்பிப் பார்த்தான். மேலே தள்ளிப் பார்த்தான்.

“தலையைப் பத்தி ஒண்ணுமே இல்லையேம்மா.”

அம்மா மருந்துச் சீட்டை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

“சாயங்காலத்துக்குள்ள முடிவு வேணும்னீங்களே. சொல்லுங்க அண்ணாச்சி, எதை எழுத?”

ஆவுடையப்பன் பூட்டிய அலமாரியைப் பார்த்தான். மடியில் சுருண்டு கிடந்ததைப் பார்த்தான்.

“குப்பி வேண்டாம்மா” என்றான். “மாத்திரையைப் பத்தி, ஞாயித்துக்கிழமை அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாறேன்.”