மணி அடித்தும் சாப்பிடப் போகாத மைனா டீச்சர்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இந்தக் கதையைச் சொல்கிறேன். கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கு.

ஒரு காட்டில் நாவல் மரத்தடியில் பறவைக் குஞ்சுகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. டீச்சர் ஒரு மைனா. மரத்தின் மேல் கவட்டில் அணில் அக்கா கஞ்சி காய்ச்சுவாள். மத்தியானம் சட்டியைக் கரண்டியால் தட்டுவாள். அதுதான் சாப்பாட்டு மணி.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெரிய பாடம் ஒன்றுதான். பூனை வந்தால் மைனா டீச்சர் "க்ரீச்!" என்று கத்துவார். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாரும் கிளைக்குப் பறந்துவிட வேண்டும். அதனால் பக்கத்துப் புதரில் இருந்த காட்டுப்பூனைக்கு ஒரு குஞ்சுகூடக் கிடைக்கவில்லை.

"இந்த டீச்சருக்குக் கண்ணும் தொண்டையும் நல்லா இருக்கிற வரைக்கும் நம்ம வயிறு காய வேண்டியதுதான்" என்று பூனை யோசித்தது.

மறுநாள் மணி அடித்தது. பூனை தூரத்தில் நின்று கும்பிடு போட்டது.

"டீச்சரம்மா! உங்களை மாதிரி தியாகி உண்டா? மத்தவங்க எல்லாம் மணி அடிச்சா சோத்துக்கு ஓடுறாங்க. நீங்க அப்படியா?"

மைனாவும் அப்போது சோற்றுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். வெட்கமாகிவிட்டது. தூக்கிய காலைத் திரும்பக் கீழே வைத்தார்.

"டீச்சர், கஞ்சி ஆறுது! ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போங்க!" என்றாள் அணில்.

"நோட்டு திருத்தணும் அக்கா!"

"பூனை பேச்சைக் கேட்டா வயித்தைக் காயப் போடுறீங்க? அது என்னைக்கு நமக்கு நல்லது நினைச்சிருக்கு?"

"பாராட்டுறவங்களைப் பழி சொல்லாதீங்க!" என்றார் மைனா.

பூனை தினமும் வந்தது.

"ஆண்டு விழாவுக்குக் கொக்குக் குஞ்சுக்கு யார் ஆட்டம் சொல்லித் தர்றது?"

"நான்தான்!"

"காட்டுல எத்தனை எறும்பு இருக்குன்னு எண்ணி எழுதணுமே, அது யாரு?"

"அதுவும் நான்தான்!"

பாவம், மூவாயிரம் வரை எண்ணினார். இரண்டு எறும்பு இடம் மாறி நின்றது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். இப்படியே சாப்பாடும் போச்சு, தூக்கமும் போச்சு.

ஒரு மாதம் கழிந்தது. ஒரு நாள் வகுப்பில், "நான் செய்றதை அப்படியே செய்யணும்!" என்றார் மைனா. சொன்னதும் கண் சொக்கியது. ஒற்றைக் காலில் நின்றபடி, வாயைப் பிளந்து தூங்கிவிட்டார்.

"புதுப் பாடம்டி! காலைத் தூக்கு, கண்ணை மூடு, வாயைத் திற!" என்றது கிளிக்குஞ்சு.

"டீச்சருக்கு எச்சில் ஒழுகுதே?" என்றது புறாக்குஞ்சு.

"அப்ப நீயும் ஒழுக விடு!"

இதற்காகத்தானே பூனை காத்திருந்தது! மெல்ல உள்ளே வந்தது. வரிசையாகக் கண்ணை மூடி நிற்கும் குஞ்சுகளைப் பார்த்தது.

"அடடா, இலை போட்டுப் பரிமாறின மாதிரி இருக்கே!"

மேலே இருந்து அணில் பார்த்துவிட்டாள். "பூனை! பூனை!" என்று கத்தினாள். ஒரு குஞ்சும் அசையவில்லை. டீச்சர் சத்தத்துக்கு மட்டும்தானே அவை பழகியிருந்தன!

அணில் சட்டென்று கரண்டியை எடுத்தாள். டங்! டங்! டங்!

சாப்பாட்டு மணி! அதைக் கேட்டபிறகும் பாடத்தில் நிற்கிற பிள்ளை உலகத்தில் உண்டா? அத்தனை குஞ்சுகளும் விருட்டென்று மேலே பறந்துவிட்டன.

ஒரே ஒருவர் மட்டும் பறக்கவில்லை. மைனா டீச்சர்! அந்த மணியைக் காதில் போட்டுக்கொள்ளாமலே பழகிவிட்டவர் ஆயிற்றே!

பூனை அவர் வாலைப் பிடித்தது. "இப்படி மெலிஞ்சு போயிட்டீங்களே டீச்சரம்மா! பரவாயில்ல, எனக்கு இது போதும்!"

அணில் கொதிக்கிற கஞ்சியைச் சட்டியோடு கவிழ்த்தாள். பூனையின் முதுகில் சொத்தென்று விழுந்தது. "ஐயோ!" என்று அலறிக்கொண்டு அது ஓடியது. அதன் நகத்தில் மூன்று வால் இறகு மாட்டியிருந்தது.

மைனா கண் விழித்தார். "யாரது வகுப்புல சத்தம்? எழுந்து நில்லு!"

"நல்லா அதட்டுங்க! முதல்ல உங்க வாலைப் பாருங்க!" என்றாள் அணில்.

மைனா திரும்பிப் பார்த்தார். அழுகை வந்துவிட்டது. "குஞ்சுகளுக்காகத்தானே அக்கா நான் பட்டினி கிடந்தேன்!"

"நீங்க பட்டினி கிடந்ததாலதான் டீச்சர் பூனையே உள்ள வந்துச்சு!"

அணில் மறுபடி கஞ்சி காய்ச்சினாள். மைனா மூன்று கிண்ணம் குடித்துவிட்டு மறுநாள் காலை வரை தூங்கினார். எறும்புக் கணக்கை எறும்புகளையே எழுதச் சொல்லிவிட்டார்.

முதுகில் புண் ஆறியதும் பூனை திரும்ப வந்தது. "டீச்சரம்மா! தியாகம் எல்லாம் என்னாச்சு?"

வாய் நிறையக் கஞ்சியோடு மைனா கத்தினார். "க்ரீச்!"

பாதிக் கஞ்சி பூனையின் மூஞ்சியில் தெறித்தது. குஞ்சுகள் எல்லாம் கிளையில் இருந்தன.

பிள்ளைகளைக் காக்கிறவர் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கினால்தான் பிள்ளைகளுக்குக் காவல்.

எங்கள் மூத்த மகள் செவ்வந்தியின் டீச்சரும் நேற்று நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டாராம். அவரிடம் இந்தக் கதையைச் சொல்ல ஆசைதான், எனக்குத்தான் கூச்சம். நாளைக்காவது போய்…

"வேணி! பிள்ளை அழுறது காதுல விழலையா?"

இதோ வந்துட்டேன் அத்தை, காலையிலிருந்து இன்னும் ஒரு வாய்கூட