வேங்கை மரத்துப் பொந்து

மலையடிவாரக் காட்டில் மஞ்சளி என்ற மைனாவும் அவள் கணவன் சித்தனும் ஒரு பனைமரத்தின் மட்டை இடுக்கில் குடியிருந்தார்கள். பேருக்குத்தான் அது கூடு. போன ஆடிக் காற்று போட்டு ஆட்டிய ஆட்டத்தில், மஞ்சளி அடைகாத்த இரண்டு முட்டைகளும் கீழே விழுந்து உடைந்தன. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான். காற்று நுழையாத ஒரு பொந்து வேண்டும். அது சொந்தமாக இருக்க வேண்டும்.

மாசி மாதத்தில், ஓடைக்கரை வேங்கை மரத்தில் மரங்கொத்தி ஆசாரி ஒரு பொந்தைக் குடைந்து முடித்தார். கிழக்குப் பார்த்த வாசல். மஞ்சளி உள்ளே நுழைந்து, ஒருமுறை திரும்பி உட்கார்ந்து பார்த்தாள். காலை வெயில் அவள் மடியில் விழுந்தது. கீழே ஓடை ஓடும் சத்தம் கேட்டது. வெளியே வர அவளுக்கு மனமே இல்லை.

"விலை அறுநூறு தினை," என்றார் ஆசாரி. "கிளிகளும் கேட்டிருக்காங்க. நீ முதல்ல வந்ததால மூணு நாள் நிறுத்தி வைக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா."

அவர்கள் சேர்த்து வைத்திருந்தது இருநூறு. மீதி நானூறையும் கடன்தான் வாங்க வேண்டும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் சித்தன். "பாறையடி உடும்புகிட்டப் போவோம். வருஷத்துக்கு நூத்துக்கு அஞ்சுதான் வட்டியாம். கேட்ட அன்னிக்கே அளந்து கொடுத்துடுவாராம்."

இருவரும் போனார்கள். உடும்பு வாய் நிறையச் சிரித்து வரவேற்றது.

"வா தங்கச்சி. நூத்துக்கு அஞ்சு. காட்டிலேயே குறைஞ்ச வட்டி. இந்த ஈர மண்ணுல உன் காலைப் பதிச்சுட்டா, தினையை இப்பவே அளந்து தர்றேன்."

சித்தன் அவளைப் பார்த்தான். மஞ்சளி காலைத் தூக்கினாள். வேங்கை மரத்து வெயில் கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் காலைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"இந்த அஞ்சு எத்தனை நாளைக்குண்ணே?"

உடும்பின் நாக்கு ஒருமுறை வெளியே வந்து உள்ளே போனது. "முதல் வருஷத்துக்கு. அப்புறம் காட்டு நிலவரப்படி."

"இப்ப நிலவரம் எவ்வளவு?"

"மிச்ச அசலுக்குப் பதினாலு. ஏறும், இறங்கும்."

"வேற ஏதாவது உண்டா?"

"எழுத்துக்கூலி நாற்பது தினை. முன்னாடியே பிடிச்சுக்குவேன். எல்லாரும் கொடுக்கிறதுதான்."

மஞ்சளி காலை மடக்கிக்கொண்டாள். "கேட்டுட்டு வர்றோம்ணே," என்று பறந்தாள்.

மறுநாள் ஆலமரத்துக் குரங்கிடம் போனாள். "நூத்துக்கு ஏழு. எழுத்துக்கூலி எதுவும் கிடையாது," என்றது குரங்கு.

"வருஷத்துக்கு நூறு நூறா அசலை அடைப்பேன் மாமா. அப்ப வட்டியும் குறையுமா?"

"அது எப்படிக் குறையும்? வாங்கினது நானூறுதானே? கடைசி வரைக்கும் நானூறுக்கும் வட்டி உண்டு."

மூன்றாம் நாள் ஓடையைத் தாண்டி பெருச்சாளியம்மாவின் வளைக்குப் போனாள். பெருச்சாளியம்மா சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"நூத்துக்கு ஒம்பது," என்றாள். "மிச்சமிருக்கிற அசலுக்குத்தான் வட்டி. கடைசி வரைக்கும் ஒம்பதே. முன்னாடியே அடைச்சாலும் சந்தோஷந்தான். ஆனா மரத்தை நான் பார்க்கணும். உளுத்த மரத்துக்குத் தினை தரமாட்டேன். நாளைக்குக் காலையில வர்றேன்."

"இன்னிக்கே வர முடியாதாம்மா? இன்னியோட கெடு முடியுது."

"இந்த நொண்டிக் காலை வெச்சுக்கிட்டு ஓடையை எப்படித் தாண்டுவேன்? பாலத்து வழியாச் சுத்தித்தான் வரணும்."

மாலையில் மஞ்சளி ஓடை மணலில் உட்கார்ந்தாள். நாலு வருஷத்தில் அசலுக்கு மேல் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று கூழாங்கல்லால் கணக்குப் பார்த்தாள். பத்து தினைக்கு ஒரு கல். பெருச்சாளிக்கு ஒன்பது கல். குரங்குக்குப் பதினொன்று. அஞ்சு வட்டி என்று ஆசை காட்டிய உடும்புக்குப் பதினாலு கல், அதுவும் நிலவரம் ஏறாமல் இருந்தால்.

சித்தன் மூன்று வரிசையையும் வெகுநேரம் பார்த்தான். "அஞ்சுதான் குறைச்சல்னு நினைச்சேன்," என்றான்.

மஞ்சளி ஆசாரியிடம் ஓடினாள். "இன்னும் ஒரே ஒரு நாள் பொறுங்க."

ஆசாரி தலைகுனிந்துகொண்டார். "மத்தியானமே மரகதம் கிளி முழுத் தினையோட வந்து நிக்குது. உடும்பு கொடுத்ததாம். கெடு முடியட்டும்னு இவ்வளவு நேரம் உட்கார வெச்சிருந்தேன். இப்ப பொழுது சாஞ்சுபோச்சேம்மா."

மறுநாள் காலையில் வேங்கைப் பொந்தின் வாசலில் ஒரு பச்சை வால் அசைந்தது. மஞ்சளி எதிர்க் கிளையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் உட்கார்ந்த இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்டே வீட்டைத் தொலைத்துவிட்டோமோ என்று நினைத்தாள். சித்தன் அவளைக் குறை சொல்லவில்லை. பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

சொன்ன சொல் தவறாமல் பெருச்சாளியம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"சரி, போனது போச்சு. ஆசாரி, வேற என்ன இருக்கு?"

"இலுப்பை மரத்துல ஒண்ணு இருக்கு. மேற்குப் பார்த்தது. வாசல் சின்னது. யாரும் எட்டிக்கூடப் பார்க்கலை. ஐநூறுக்குத் தர்றேன்."

பெருச்சாளியம்மா அடிமரத்தைக் கடித்துப் பார்த்தாள். வேரைத் தோண்டிப் பார்த்தாள். "இரும்பு மாதிரி இருக்கு. இதுக்குத் தர்றேன்," என்றாள்.

மஞ்சளி உள்ளே நுழைந்தாள். வெயில் இல்லை. ஓடைச் சத்தம் இல்லை. ஆனால் காற்றும் இல்லை. அவள் முந்நூறு தினைக்குக் கால் பதித்தாள்.

அந்த வருஷம் ஆடி வந்தது. காடே ஆடியது. இலுப்பைப் பொந்துக்குள் மூன்று குஞ்சுகள் அவள் சிறகடியில் கதகதவென்று தூங்கின.

மூன்றாம் வருஷம் மஞ்சளியின் கடன் தீர்ந்தது. அதே வருஷம் காட்டில் மழை பொய்த்து, நிலவரம் இருபதுக்கு ஏறியது. மரகதத்தால் கட்ட முடியவில்லை. உடும்பு பொந்தைப் பிடித்துக்கொண்டது. உடும்புப் பிடி என்றால் சும்மாவா?

அடுத்த வருஷ மழைக்காலத்தில் ஒருநாள், சாரலில் நனைந்தபடி மரகதம் இலுப்பைக் கிளைக்கு வந்தாள். "மழை விடுற வரைக்கும் இங்கே ஒதுங்கிக்கட்டுமா அக்கா?" என்றாள்.

மஞ்சளி அந்த வருஷத்துக் குஞ்சுகளை நகர்த்தி இடம் விட்டாள். மரகதம் சிறகை உதறிக்கொண்டாள்.

"நான் உடும்புகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். 'எப்ப தினை கிடைக்கும்?'னு. நீங்க என்ன கேட்டீங்க?"

"கடைசியில மொத்தம் எவ்வளவு கொடுத்திருப்பேன்னு கேட்டேன்," என்றாள் மஞ்சளி.

அவளுக்கு அதில் பெருமை ஒன்றும் தோன்றவில்லை. இன்னமும் சில காலைகளில் அவள் ஓடைக்கரைக்குப் போவாள். வேங்கை மரத்து வாசலில் வெயில் விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஏக்கம் தீரவே இல்லை. ஆனால் பொழுது சாயும்போது, யாருக்கும் பயப்படாமல் தன் வீட்டுக்குத் திரும்பி வருவாள்.

வீட்டின் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும், கடன் கொடுப்பவர் நாலு பேரிடம் கேட்டு, கொடுத்து முடிக்கும் மொத்தத்தைக் கணக்குப் பார்த்த பிறகே கால் பதிக்க வேண்டும்.