மகிழினி காதணி விழா மொய் நோட்டு

தீர்ப்பு சொல்ல நாக்கு துறுதுறுக்கிறவர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள். பேரையும் ஊரையும் மாற்றித்தான் சொல்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

நான் கோர்ட்டில் சமரசம் பேசும் வக்கீல். பிரிகிற புருஷன் பெண்டாட்டியை எதிரெதிரே உட்காரவைத்து, வீடு யாருக்கு, கடன் யாருக்கு என்று எழுதி வாங்குவது என் வேலை. பதினொரு வருஷமாக ஒரே கூத்துதான். சொத்து என்றால் இரண்டு பேரும் இழுப்பார்கள், கடன் என்றால் இரண்டு பேரும் தள்ளுவார்கள். கடனை 'எனக்குத்தான்' என்று இழுத்துச் சண்டை போட்டவர்கள் இவர்கள் மட்டும்தான்.

அடைக்கலம், வளர்மதி. ஆலங்குடிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மகள் மகிழினி. நாலு வயதில் ஊரைக் கூட்டிக் காது குத்தினார்கள். மூன்றே மாதத்தில் காய்ச்சல். வந்த மொய்ப் பணம் முழுவதையும் ஆஸ்பத்திரியில் கட்டினார்கள். பிள்ளை வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்தால் அவளுக்குப் பிள்ளை ஞாபகம், அவளைப் பார்த்தால் அவனுக்கு. அடி இல்லை, குடி இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஒரே கூரைக்குள் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பங்கீடு அரை மணியில் முடிந்தது. வீடு அவனுக்கு, அதன் மேல் இருந்த கடனும் அவனுக்கு. நகை அவளுக்கு. அடகில் கிடந்த சங்கிலியை மீட்டுத் தருகிறேன் என்று அவனே சொன்னான். கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினேன். வளர்மதி பையிலிருந்து மொய் நோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, 'மகிழினி காதணி விழா' என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே நூற்று நாற்பத்து மூன்று பேர்.

அந்தப் பக்கத்து மொய் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நமக்குச் செய்தவர் வீட்டில் விசேஷம் வந்து பத்திரிகை வைத்தால், போய்த் திருப்பிச் செய்ய வேண்டும். செய்ததும் நோட்டில் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள். பத்திரிகை வைக்காமல் போகக் கூடாது. விசேஷம் இல்லாத நாளில் வீடு தேடிப் போய்க் கொடுத்தாலோ, 'உன் உறவே வேண்டாம்' என்று மூஞ்சியில் அடித்த மாதிரி.

"இந்தக் கடன் என்னோடது மேடம்," என்றாள் வளர்மதி.

அடைக்கலம் நோட்டின் மேல் கையை வைத்தான். "எழுதுனது எம் பேருக்கு. அப்பன் நான் உசுரோடதான இருக்கேன்? வீட்ட வித்தாவது ஒரே மாசத்துல அம்புட்டுப் பேருக்கும் குடுத்து நோட்ட மூடிருவேன். எம்புள்ள ஊருக்குக் கடன் வச்சிட்டுப் போச்சுன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

"மூடக் கூடாது," என்றாள் அவள். "அவங்கவங்க விசேஷத்துக்குப் போயி ஒண்ணொண்ணா நான் செய்வேன். எந்த விசேஷத்து மொய்னு எழுதுறவரு கேப்பாரு. மகிழினி காதுகுத்து மொய்னு சொல்லுவேன். எம்புள்ள பேரச் சொல்றதுக்கு எனக்கு வேற எடம் எங்க மேடம் இருக்கு? வீட்ல சொன்னா எங்கம்மா அழுவுது."

"ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கலாமே?" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

சும்மா இருக்க முடியாமல் நோட்டைப் புரட்டினேன். தொண்ணூற்றேழு பேர் அவன் சொந்தம், நாற்பத்தாறு பேர் அவள் சொந்தம். மூன்று பேருக்கு ஏற்கெனவே திருப்பிச் செய்திருந்தார்கள். ஆனால் பெயர்களை அடிக்கவில்லை, பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும். ஏன் என்று கேட்டேன்.

"அடிக்க மனசு வரல," என்று சொன்னது அவள் இல்லை, அடைக்கலம். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பிள்ளை யாருக்கும் கடன்படக் கூடாது என்ற அப்பன் சொன்னது சரியா? கடன் தீர்ந்தால் பேரும் தீர்ந்துபோகும் என்று பயந்த அம்மா சொன்னது சரியா? அந்தக் கடன் யாருக்கு, நோட்டு யாருக்கு?

பத்திரிகை வராமல் மொய்யைத் திருப்ப முடியாது என்பதைக் கவனித்தவர்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். ஒரே மாதத்தில் மூட அவனால் முடியாது. பிரிந்துவிட்டால் அவன் சொந்தக்காரர்கள் அவளுக்குப் பத்திரிகை வைக்க மாட்டார்கள், அதனால் எல்லாவற்றையும் அவளாலும் செய்ய முடியாது. பத்திரிகை எந்த வாசலுக்கு வருகிறதோ, கடன் அந்த வாசலுக்கு. மீதிக் கிணறு அந்தப் பென்சில் புள்ளி. மூடிவிடுகிறேன் என்றவனுக்கும் அடிக்க மனசு வரவில்லையே! அதனால் நோட்டு வளர்மதியிடம் இருக்கட்டும், பத்திரிகை வரும்போதெல்லாம் அவளுக்குப் போன் போட்டு எவ்வளவு என்று அவன் கேட்டுக்கொள்ளட்டும், பந்தலில் யார் போனாலும் பிள்ளை பேரைச் சொல்லட்டும் என்று எழுதினேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். போன ஆவணியில் அவனுக்கு முதல் பத்திரிகை வந்ததாம். வளர்மதி வந்து சொன்னாள்: "ஐநூத்தியொண்ணுன்னு படிச்சேன் மேடம். சரின்னாரு. ஆனா போன வைக்கல. மொதப் பக்கத்துல பெருசா எழுதியிருக்குமே, அத ஒரு தடவ படின்னாரு. படிச்சேன். இன்னொரு தடவன்னாரு."